ஆறிப்போன காபி: ஸ்ரெப்ரெனிட்சாவின் கோப்பைகளை முன்வைத்து

2006 ஜூலை 11 அன்று போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் 923 சிறிய பீங்கான் கோப்பைகள் தரையில் பரப்பி வைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் சூடான காபி ஊற்றப்பட்டது. அதை யாரும் குடிக்கவில்லை. காபி ஆறியது, வண்டல் அடியில் தங்கியது. ஐடா ஷெஹோவிச் என்ற கலைஞரின் படைப்பு அது. அவர் பன்யா லூகாவில் பிறந்து, 1992இல் போர் தொடங்கியபோது அகதியாக வெளியேறி, பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். படைப்பின் பெயர் 'ஷ்தோ தே நேமா'. 'நீ ஏன் இங்கே இல்லை?' என்று தமிழில் சொல்லலாம்.

ஒரே ஒருமுறை நிகழ்த்துவதற்காக எண்ணப்பட்ட அது, அடுத்த பதினான்கு ஆண்டுகளும் ஒவ்வொரு ஜூலை 11 அன்றும் வேறு வேறு நகரங்களின் பொது இடங்களுக்குச் சென்றது. ஹேக், ஸ்டாக்ஹோம், இஸ்தான்புல், நியூயார்க், டொராண்டோ, ஜெனீவா, சிகாகோ, வெனிஸ் என்று அலைந்து, 2020இல் ஸ்ரெப்ரெனிட்சாவுக்கே வந்து நின்றது. இறுதியில் கோப்பைகளின் இலக்கு எண் 8,372. கொல்லப்பட்டவர்களாகக் கணக்கிடப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை.

நம் காலத்தில் உருவான நினைவுச்சின்னங்களில் மிக முக்கியமான ஒன்றாக இதை நான் கருதுகிறேன். அதனால்தான் இதை வியந்துவிட்டு நகராமல், இதனோடு வாதிட விரும்புகிறேன். இழப்பை நினைவில் வைத்திருப்பது யாருடைய வேலை, அந்த வேலையைச் செய்பவர்களின் சொந்த இழப்பு எங்கே பதிவாகிறது என்ற இரண்டு கேள்விகளையும் இந்தக் கோப்பைகள் எழுப்புகின்றன. முதல் கேள்விக்கு அவை அபாரமான ஒரு பதிலைத் தருகின்றன. இரண்டாவது கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை.

*

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரெப்ரெனிட்சா கிழக்கு போஸ்னியாவில் உள்ள சிறு மலைநகரம். 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை அதைப் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்தது. சுற்றுப்புற ஊர்களிலிருந்து துரத்தப்பட்ட போஸ்னிய முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். 1995 ஜூலை 11 அன்று ராட்கோ ம்லாடிச்சின் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை நகருக்குள் நுழைந்தது. மக்கள் பொதோச்சாரியில் இருந்த டச்சு அமைதிப்படையின் முகாமுக்கு ஓடினார்கள். அங்கே பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கமாகவும், ஆண்களும் பதின்வயதுச் சிறுவர்களும் மறுபக்கமாகவும் பிரிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 25,000 பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பிரிக்கப்பட்ட ஆண்களும், காட்டுவழியே தப்பிக்க முயன்று பிடிபட்ட ஆண்களும் அடுத்த சில நாட்களில் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2001 ஆகஸ்டில் கிர்ஸ்டிச் வழக்கில் இதை இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது. சர்வதேச நீதிமன்றமும் 2007இல் அதை உறுதி செய்தது.

கொலைகளோடு அது முடியவில்லை. அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் புதைகுழிகள் கனரக இயந்திரங்களால் தோண்டப்பட்டு, உடல்கள் வேறு இடங்களுக்கு அள்ளிச் செல்லப்பட்டு மறைக்கப்பட்டன. ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு, மூன்று புதைகுழிகளில் சிதறிக் கிடந்தன. கொலையை மறைப்பதற்காகக் கொல்லப்பட்டவரை மீண்டும் ஒருமுறை துண்டாக்கினார்கள். பிற்பாடு அந்தப் பெண்கள் செய்ய நேர்ந்த வேலையின் தன்மையைத் தீர்மானித்தது இந்த இரண்டாம் புதைப்புதான்.

*

கணவனை இழந்த பெண்கள் சொன்ன ஒரு செய்தியிலிருந்துதான் கோப்பைகளின் எண்ணம் பிறந்தது. அவர்கள் அதிகம் ஏங்கியது கணவனோடு உட்கார்ந்து காபி குடிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக. போஸ்னியாவில் காபி என்பது அவசரமாக விழுங்கும் பானம் அல்ல. 'ஜெஸ்வா' என்ற நீண்ட கைப்பிடியுள்ள பாத்திரத்தில் காய்ச்சி, 'ஃபில்ஜான்' என்ற கைப்பிடியில்லாத சிறு கோப்பையில் ஊற்றி, பேசிக்கொண்டே மெல்லக் குடிப்பது. விருந்தாளி வந்தால் அது, துக்கம் கேட்க வந்தால் அது, ஒன்றும் இல்லாத பிற்பகலிலும் அதுதான்.

'ஃபில்ஜான்' என்ற சொல் தமிழ் வாசகருக்கு அவ்வளவு அந்நியமானதில்லை. பாரசீகத்தின் 'பிங்கான்' அரபியில் 'ஃபின்ஜான்' ஆகி, துருக்கியர் வழியாக போஸ்னியாவுக்குப் போய் 'ஃபில்ஜான்' ஆனது. நாம் சொல்லும் 'பீங்கான்' அதே வேரிலிருந்து கிழக்கே வந்தது. ஒரு சமையலறைப் பண்டம் இரண்டு திசைகளில் பயணம் செய்து இரண்டு மொழிகளின் அலமாரிகளில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் 923 கோப்பைகளைச் சேகரித்துத் தந்தவர்கள் 'ஸ்ரெப்ரெனிட்சாவின் பெண்கள்' என்ற அமைப்பினர். பிறகு உலகெங்கும் சிதறிய போஸ்னியக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கோப்பைகளைக் கொடுத்தன. ஆகவே ஒன்று போல் இன்னொன்று இல்லை. பூப்போட்டது, பொன்விளிம்பு வைத்தது, வெறும் வெள்ளை, உபயோகித்துத் தேய்ந்தது. ஒவ்வொரு நகரத்திலும் அங்கு வாழும் அகதிக் குடும்பங்கள் அதை ஏற்று நடத்தின. நாள் முழுதும் காபி காய்ச்சப்பட்டது. வழியே போகிறவர்கள் நின்று, விசாரித்து, ஒரு கோப்பையை எடுத்து நிரப்பிக் கீழே வைத்தார்கள்.

இதன் வலிமை எங்கே இருக்கிறது? நினைவுச்சின்னம் என்றதும் நமக்குக் கல் நினைவுக்கு வரும். தமிழில் இந்த மரபு மிகப் பழையது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை நடுகல் நாட்டும் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. நடுகல் பெரும்பாலும் வீழ்ந்த ஆணுக்குரியது. அவனது வீரத்தைச் சொல்வது. பெண்ணுக்குக் கல் கிடைத்த இடங்களில் பெரும்பாலும் அவள் கணவனோடு எரிந்திருக்க வேண்டியிருந்தது. சாகாமல் மிஞ்சியவளுக்குக் கல் இல்லை, பாட்டு உண்டு. கையறுநிலை பாடலாம், ஒப்பாரி வைக்கலாம்.

ஷெஹோவிச்சின் கோப்பைகளில் வீரம் என்ற பேச்சே இல்லை. இறந்தவர்களைத் தியாகிகளாகவோ போராளிகளாகவோ அவை உயர்த்தவில்லை. காபி குடிக்க வரவேண்டிய ஒருவர் வரவில்லை, அவ்வளவுதான். படுகொலை என்பது எண்ணிக்கைகளாக, வரைபடங்களாக நம்மை வந்தடைகிறது. இங்கே அது பிற்பகல் நான்கு மணியின் வெறுமையாக வந்து சேர்கிறது. தவிர, கல்லை ஒருமுறை நட்டுவிட்டால் அது தானே நினைவைச் சுமக்கும் என்று நாம் விலகிப்போய்விடலாம். இந்தச் சின்னத்திலிருந்து அப்படி விலக முடியாது. ஒவ்வொரு ஆண்டும் யாராவது பெட்டிகளைத் தூக்க வேண்டும், தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டும், குனிந்து வைக்க வேண்டும். செய்கிறவர்கள் இல்லாவிட்டால் சின்னமும் இல்லை.

*

முதுகலை வகுப்பில் இந்தப் படைப்பின் படங்களைக் காட்டி, பொதுவெளிக் கலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அந்தக் கப்பையெல்லாம் அப்புறம் யாரு மேம் கழுவுறது?" வகுப்பு சிரித்தது. ஆனால் அழகியல் குறித்து அன்று எழுந்த கேள்விகளில் அதுவே கூர்மையானது. ஆயிரக்கணக்கான கோப்பைகளில் ஊற்றிய காபியை மாலையில் கொட்டிக் கழுவித் துடைத்து, உடையாமல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினால்தான் அடுத்த ஆண்டு அவை அடுத்த நகரத்துக்குப் போக முடியும். எங்கோ சில கைகள் அதைச் செய்தன. வீட்டில் இந்த வேலைக்கு மரியாதை கிடையாது. அது வேலை என்றே கணக்கில் வராது. சதுக்கத்தின் நடுவே, ஆண்களும் பெண்களும் அந்நியர்களும் பார்க்கும்படி அதைக் கொண்டுவந்து வைத்ததுதான் இந்தப் படைப்பின் பெண்ணிய அரசியல். துக்கம் என்பது உணர்ச்சி மட்டுமல்ல, உழைப்பும்கூட என்று அது காட்டுகிறது. அந்த உழைப்பைப் பகிர்ந்துகொள்ளும்படி ஊரைக் கேட்கிறது. இதைத்தான் அபாரமான பதில் என்றேன்.

இனி வாதத்துக்கு வருகிறேன். இந்தக் காட்சியில் பெண் யார்? காபி ஊற்றுகிறவள். காத்திருக்கிறவள். 'நீ ஏன் இங்கே இல்லை?' என்று கேட்கிறவள். கேள்வியில் வரும் 'நீ' ஆண். 8,372 என்ற எண்ணில் அடங்கியவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். கொல்லப்பட்டவர்களின் கணக்கில் இது உண்மை. ஆனால் இனப்படுகொலை என்பது கொலைகளின் கூட்டுத்தொகை மட்டும்தானா?

கிர்ஸ்டிச் தீர்ப்பு இங்கே நமக்கு உதவுகிறது, கூடவே உறுத்துகிறது. ஆண்களை மட்டும் கொன்றதை ஓர் இனக்குழுவை அழிக்கும் நோக்கம் என்று எப்படிக் கொள்வது என்ற கேள்வி நீதிபதிகள் முன் இருந்தது. அவர்கள் தந்த விடையின் சாரம் இது: அது தந்தைவழி மரபில் வாழும் சமூகம்; இரண்டு, மூன்று தலைமுறை ஆண்களை அழித்தால் அந்தச் சமூகம் அங்கே மீண்டும் வேர்பிடிக்க முடியாது என்பது கொலைகாரர்களுக்குத் தெரியும். கணவன் இறந்தான் என்று உறுதிப்படாததால் பெண்கள் மறுமணம் செய்துகொள்ள இயலாத நிலையும் அங்கே பேசப்பட்டது. சட்டத்தின் நோக்கில் இது தேவையான தர்க்கம். அது இல்லாவிட்டால் ஐரோப்பாவில் அந்தத் தீர்ப்பாயத்தின் முதல் இனப்படுகொலைத் தண்டனை சாத்தியமாகியிருக்காது. ஆனாலும் பெண்ணாக அதை வாசிக்கும்போது ஒன்று தொண்டையில் நிற்கிறது. ஆணில்லாத பெண் எதையும் மீண்டும் கட்ட முடியாதவள் என்ற ஆணாதிக்கத்தின் கணிப்பைக் கொலைகாரர்கள் நம்பினார்கள். நீதிமன்றம் அவர்களது நம்பிக்கையைக் குற்றநோக்கத்தின் சான்றாக எடுத்துக்கொண்டது. அந்தக் கணிப்பு பொய்யாகிப் போனதைச் சொல்ல அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

பெண்களின்மேல் நேரடியாக நடந்தவை என்ன ஆயின? பொதோச்சாரியில் பாலியல் வல்லுறவுகள் நடந்ததைத் தீர்ப்பாயம் ஏற்றது. ஆனால் அவை வெளியேற்றத் திட்டத்தின் இயல்பான, முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கக்கூடிய விளைவுகள் என்ற வகையில்தான் கிர்ஸ்டிச்சின் பொறுப்புக்குள் வந்தன. ஆண்களின் கொலை திட்டம். பெண்களின் வல்லுறவு விளைவு. அதே 2001இன் பிப்ரவரியில், ஃபோச்சா நகரப் பெண்களின் வழக்கில், வல்லுறவையும் பாலியல் அடிமைப்படுத்தலையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகத் தண்டித்ததும் இதே தீர்ப்பாயம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். சாட்சிக்கூண்டில் ஏறிய பெண்கள் அதைச் சாதித்தார்கள். ஆனால் வல்லுறவுக்கு ஆளாகி உயிர்வாழும் பெண்ணுக்கு நினைவுச்சின்னத்தில் இடம் எது? அவள் இறக்கவில்லை, எனவே அவளுக்குக் கோப்பை இல்லை. அவள் 'இங்கே' இருக்கிறாள். ஆகவே அவளை யாரும் தேடுவதில்லை.

பொதோச்சாரி மயானத்தில் பெண்களும் சிலர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1995 ஜூலையில் அந்த முகாமில் பிறந்து அங்கேயே இறந்த ஒரு பெண்குழந்தையின் மிச்சங்கள் 2013இல் அங்கே புதைக்கப்பட்டன. காபி குடிக்கும் வயதை எட்டாத அவளுக்கும் எண்ணிக்கையில் ஒரு கோப்பை உண்டு. ஆனால் அவளைப் பெற்றவள் அந்த முகாமின் தரையில் அனுபவித்த பிரசவத்துக்கு எந்தச் சின்னத்திலும் வடிவம் இல்லை.

*

காத்திருக்கும் பெண் என்ற படிமம் அழகானது. அதனாலேயே ஆபத்தானது. ஸ்ரெப்ரெனிட்சாவின் பெண்கள் உண்மையில் காத்துக்கொண்டிருக்கவில்லை. துஸ்லா நகரில் ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி அவர்கள் ஊர்வலம் போனார்கள். காணாமல் போனவர்களின் பெயர்களைத் தலையணை உறைகளில் தைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஏந்திச் சென்றார்கள். எலும்புகளை மரபணு வழியே அடையாளம் காண்பதற்காக இரத்தம் கொடுத்தார்கள். கொல்லப்பட்டவர்களைப் பொதோச்சாரியில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். போருக்குப் பின் அந்த நிலம் செர்பியக் குடியரசு எனப்படும் நிர்வாகப் பகுதிக்குள் போயிருந்தது. உள்ளூர் அதிகாரம் அதை விரும்பவில்லை. 2000இல் சர்வதேச உயர் பிரதிநிதியின் ஆணையால் நிலம் ஒதுக்கப்பட்டு, 2003 மார்ச் மாதம் முதல் 600 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். இன்று நாம் படங்களில் காணும் அந்த வெண்ணிறக் கல்வரிசைகள் அரசு மனமுவந்து தந்த நினைவுச்சின்னம் அல்ல. பெண்கள் கேட்டு வாங்கியது.

இரண்டாம் புதைப்பின் கொடுமை இவர்களிடம் வேறொரு வேலையையும் ஒப்படைத்தது. மகனின் தொடையெலும்பு மட்டும் அடையாளம் காணப்பட்டால் அதை அடக்கம் செய்வதா, மற்றவை கிடைக்கும்வரை பொறுப்பதா? புதைத்தபின் இன்னொரு குழியில் இன்னும் சில எலும்புகள் கிடைத்தால் கல்லறையை மறுபடி திறப்பதா? இந்த முடிவுகளை எடுத்துக் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் மனைவிகளும்தான். ஹதிட்ஜா மெஹ்மெதோவிச் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவர். கொலைகளில் பங்கெடுத்தவர்கள் தெருவில் நடமாடிய அந்த ஊருக்கே தனியாகத் திரும்பி வந்து, 2018இல் இறக்கும்வரை அங்கே வாழ்ந்து, தாய்மார்களின் அமைப்பு ஒன்றை நடத்தினார். இரண்டு, மூன்று தலைமுறை ஆண்களை அழித்தால் சமூகம் மீண்டும் வேர்பிடிக்காது என்ற கணிப்புக்கு எதிராக ஒரு பெண் தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார். இதைக் கண்ணீர் என்ற சொல்லால் அளக்க முடியாது. ஆனால் பொதோச்சாரியின் நினைவுக்கல்லில் பொறித்துள்ள வேண்டுதலும்கூடத் தாயின் கண்ணீரைத்தான் நினைவுகூர்கிறது. உலகம் இவர்களைத் 'தாய்மார்கள்' என்றே அழைக்கிறது. அவர்களும் அந்தப் பெயரை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டார்கள். தாயின் துக்கத்தைக் கேள்வி கேட்க அதிகாரம் தயங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குள் சட்டமறிந்தவள், பேரம் பேசுபவள், ஆவணம் சேர்ப்பவள், வல்லுறவைத் தாண்டி வந்தவள் எல்லோரும் மறைந்துபோகிறார்கள்.

கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நினைவுச் செயல் உண்டு. ஸ்ரெப்ரெனிட்சாவுக்குத் தெற்கே, த்ரீனா ஆற்றங்கரையில் இருக்கிறது விஷெகிராட். 1992இல் அங்கே பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் வீடுகளுக்குள் அடைத்து எரிக்கப்பட்டார்கள். வல்லுறவு முகாமாகப் பயன்பட்ட வீலினா வ்லாஸ் என்ற ஓய்வுவிடுதி போருக்குப் பின்னும் விடுதியாகவே இயங்கியது. அவ்வூர் முஸ்லிம் மயானத்தில் நிறுவிய நினைவுக்கல்லில் 'இனப்படுகொலை' என்ற சொல் இருந்தது. 2014 ஜனவரியில் நகர நிர்வாகம் போலீஸ் காவலுடன் வந்து அந்தச் சொல்லை மட்டும் அரைத்து அழித்தது. கணவனை இழந்த பெண்கள் உதட்டுச்சாயத்தை எடுத்து அதே இடத்தில் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதினார்கள்.

விஷெகிராட் கொலைகள் சர்வதேச நீதிமன்றங்களில் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகத்தான் தண்டிக்கப்பட்டன. இனப்படுகொலை என்ற சட்டச்சொல் ஸ்ரெப்ரெனிட்சாவோடு நின்றுவிட்டது. தங்கள் ஊருக்கு நேர்ந்ததற்கு என்ன பெயர் என்று சொல்லும் உரிமையை அந்தப் பெண்கள் யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. நினைவுச்சின்னத்தை அழிப்பது எதற்காக என்பதை, 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதை அறிந்த தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கோப்பையும் உதட்டுச்சாயமும் பெண்ணின் அன்றாடத்திலிருந்து எடுத்தவைதான். ஒன்று சமையலறையிலிருந்து வந்தது, மற்றது கைப்பையிலிருந்து. ஆனால் அவை பேசும் திசை வேறு. கோப்பை இறந்தவரை 'நீ' என்று விளிக்கிறது. நம் ஒப்பாரியும் அப்படித்தான் விளிக்கும். உதட்டுச்சாயம் உயிரோடிருப்பவர்களை, அதிலும் போலீஸோடு வந்து சொல்லை அழித்த அதிகாரத்தை நேருக்கு நேர் விளிக்கிறது. இறந்தவரை மட்டும் பார்த்துப் பேசும் பெண்ணை எல்லோரும் மதிப்பார்கள், படம் எடுப்பார்கள். அதிகாரத்தைப் பார்த்துப் பேசும் பெண்ணுக்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை. ஒரு கணவனை இழந்தவள் உதட்டுச்சாயத்தைக் கையில் எடுப்பதே பல ஊர்களில் பொறுக்க முடியாத காரியம் என்பது நமக்குத் தெரியாததா?

*

ஷெஹோவிச்சின் படைப்பு இதையும் செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த ஒரு சின்னமும் எல்லாவற்றையும் சுமக்காது. அந்தப் படைப்பே பெண்களின் அமைப்பிடமிருந்து தொடங்கியது. அவர்களைக் கேட்காமல் வெளியிலிருந்து திணித்தது அல்ல. என் கவலை நம் வாசிப்பைப் பற்றியது. கோப்பைகளின் படங்கள் உலகெங்கும் போவதைப்போல உதட்டுச்சாயத்தின் கதை போவதில்லை. தலையணை உறை ஊர்வலமும் போவதில்லை. நாமும் முதலில் கோப்பைகளின்முன் நெகிழ்ந்து, அந்த நெகிழ்ச்சியையே புரிதலாக எடுத்துக்கொள்கிறோம். ஆகவே எந்த நினைவுச்சின்னத்தின் முன் நின்றாலும் இங்கே எண்ணிக்கையில் வந்தவர்கள் யார், வராதவர்கள் யார், இதைக் கேட்டு வாங்கியவர்கள் யார், நாளை இதைக் காப்பாற்றப்போகிறவர்கள் யார் என்று மாணவிகளைக் கேட்கச் சொல்கிறேன். 'கோப்பையை யார் கழுவுவது' என்பதை இந்தக் கேள்விகளின் சுருக்கமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. 2024 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11ஐ ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலையின் நினைவுநாளாக அறிவித்தபோது 84 நாடுகள் ஆதரித்தன, 19 எதிர்த்தன, 68 வாக்களிக்காமல் ஒதுங்கின. நடந்ததை மறுப்பவர்கள் அந்த ஊரிலும் அண்டை நாட்டிலும் பதவிகளில் இருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேரின் மிச்சங்கள் இன்னும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஜூலை 11 அன்றும், அந்த ஆண்டில் அடையாளம் காணப்பட்டவர்கள் பொதோச்சாரியில் அடக்கம் செய்யப்படுகிறார்கள்.

அங்குள்ள கல்லில் 8372 என்ற எண்ணுக்குப் பின்னால் புள்ளிகள் இடப்பட்டிருக்கின்றன. கணக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கான அடையாளம் அது. இனிமேல் கண்டெடுக்கப்படும் ஆண்களுக்காக விட்ட இடம் என்றுதான் அதற்குப் பொருள். உயிரோடு மிஞ்சி, பெயர்களைத் தைத்து, இரத்தம் கொடுத்து, எலும்புகளுக்குக் கையெழுத்திட்டு, தமக்கு நேர்ந்ததைச் சொல்ல இடமின்றி இறந்துகொண்டிருக்கும் பெண்களையும் அந்தப் புள்ளிகளுக்குள் வைத்து நான் வாசிக்கிறேன்.